கரும்புக்கு நாணலின் வேரைத் தந்த வெங்கட்ராமன்

முல்லைப் பெரியாற்றங்கரையிலும் வைகைக் கரையிலும் நாணல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தாலும் அது சாகாது. வயலுக்குள் வந்தால் களை என்று வெட்டி எறிவீர்கள். ஆனால், நீங்கள் நடும் கரும்பும் அந்த நாணலின் வாரிசுதான். அந்த உறவை உண்டாக்கியவர்களில் முக்கியமானவர் டி.எஸ்.வெங்கட்ராமன்.

1884-ல் பிறந்தவர். 1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது, அதன் தலைவர் பார்பருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். கரும்பு பூத்தால்தான் கலப்பினம் செய்ய முடியும். வடக்கே சரியாகப் பூக்காத கரும்பு கோவையில் பூத்தது. அன்று வட இந்திய விவசாயியிடம் இருந்தவை மகசூல் குறைந்த ஒல்லிக் கரும்புகள். நம் பக்கத்துத் தடித்த ரகங்கள் அங்கே எடுபடவில்லை.

பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை நாணலோடு கலப்பினம் செய்தார்கள். நாணலில் சர்க்கரை சொற்பம். தாக்குப்பிடிக்கும் குணம் அதிகம். அப்படிப் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. பஞ்சாபில் உள்ளூர் கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது.

பார்பருக்குப் பின் நிலையத்தின் பொறுப்பை ஏற்ற வெங்கட்ராமன், பயிரின் அடிப்பகுதியையும் கவனித்தார். வேர் வளர்வதைப் பார்க்க எளிய சாதனங்களை அமைத்து, 1920-களில் கட்டுரைகள் எழுதினார்.

கரும்பின் வேர் இரண்டு வகை. விதைக் கரணையிலிருந்து முதலில் வருவது தற்காலிக வேர். சில வாரங்களே வாழும். பிறகு ஒவ்வொரு தூரும் தன் அடிக்கணுவிலிருந்து சொந்த வேர் விடுகிறது. அறுவடை வரை பயிரைக் காப்பது இதுதான். இதில் ஒரு பகுதி மேல்மண்ணில் படரும். சில வேர்கள் கயிறுபோல் ஆழத்துக்கு இறங்கி ஈரம் தேடும்.

அவருக்குப் பிந்தைய ஆய்வு ஒன்றும் உங்களுக்குப் பயன்படும். தினையின் காட்டு உறவான புல், சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள் 2016-ல் ஒன்றைக் காட்டினார்கள். மண் காய்ந்தால் இந்தப் பயிர்கள் அடித்தண்டிலிருந்து புது வேர் விடுவதை நிறுத்தி, மண்ணின் ஈரத்தைச் சிக்கனப்படுத்துகின்றன. ஈரம் திரும்பியதும் அடக்கி வைத்த வேர்கள் வேகமாகக் கிளம்புகின்றன. கரும்பும் இதே புல் குடும்பம்தான்.

வெங்கட்ராமன் காலத்தில் உருவான கோ 419 ரகம் தென்னிந்திய வயல்களில் பரவியது. ஜாவா சர்க்கரையை இறக்குமதி செய்த நாடு, 1932-ல் வந்த காப்பு வரியாலும் கோவை ரகங்களாலும் சில ஆண்டுகளிலேயே தன் தேவையைத் தானே விளைவித்தது. 1942-ல் ஓய்வு பெற்ற அவருக்கு சர் பட்டமும், 1956-ல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. 1963-ல் காலமானார்.

ஆழ வேர் விடும் குணத்தை அவர் ரகத்துக்குள் வைத்துவிட்டார். அதை வெளிக்கொண்டு வருவது உங்கள் கையில் இருக்கிறது. சாலில் எப்போதும் தண்ணீர் நின்றால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அணைத் தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் முதலில் வாடுவது அந்தக் கரும்புதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள். தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால் 30 செ.மீ. ஆழச் சாலில் நடுங்கள்; ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சுங்கள். ஐந்தாம் மாதம் உரிக்கும் சோகையைக் கொளுத்தாமல் சாலில் பரப்புங்கள். வாடிய கரும்புக்கு ஈரம் கிடைத்ததும் மண் அணையுங்கள். புது வேர் பிடிக்கும்.

அடுத்த முறை வயலுக்குப் போகும்போது, ஒரு தூரைத் தோண்டி வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள். எப்போது தண்ணீர் கட்டலாம் என்பது அதிலேயே தெரியும்.