பதினைந்தாம் இடத்தை ஏற்காத மாணாக்கன்

பாஸ்ரர் என்னும் பெயரைக் கேள்வியுறாத கற்றோர் இலர். பாலைப் பக்குவமாகச் சூடாக்கிக் கிருமி போக்கும் முறைக்கு அவர் பெயரே வழங்குகின்றது. நீலகிரியிலே, குன்னூரில் 1907ஆம் ஆண்டு எழுந்த நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. இத்துணைச் சிறப்பு வாய்ந்த ஒருவர் இளமையிலே பரீட்சைகளில் இடறினார் என்பதும், பிற்காலத்தில் தமக்குப் புகழ் தந்த இரசாயன பாடத்திலேயே மட்டமான பெறுபேறு பெற்றார் என்பதும் பலரும் எடுத்துரைக்கும் செய்திகள். ஆயின் அவ்வாறு எடுத்துரைப்போர் பெரும்பாலும் பரீட்சகரை எள்ளி நகைத்தற்பொருட்டே அதனைக் கூறுவர். மேதையை அறியமாட்டாத மூடர் என அவரைப் பழித்துவிட்டு அப்பாற் செல்வர். எனக்கு அஃது உடன்பாடன்று. நடந்தவற்றை முறையே நோக்குவார்க்கு வேறொரு செய்தி புலனாகும்.

லூயி பாஸ்ரர் பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையை அடுத்த யூரா மலைநாட்டில், டோல் என்னும் ஊரில், 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி பிறந்தார். தந்தையார் ஜான் ஜோசெப் தோல் பதனிடும் தொழிலாளர். நெப்போலியனின் படையிலே பொருது, வீரத்துக்காக விருது பெற்று மீண்டவர். குடும்பம் பின்னர் ஆர்புவா என்னும் சிற்றூரிற் குடியேறியது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில், குயிசான்ஸ் என்னும் சிற்றாற்றின் கரையிலே அவர்தம் வீடும் தோற்பட்டறையும் ஒருங்கே அமைந்திருந்தன. தந்தையார் அதிகம் படித்தவரல்லர். படிப்பின் அருமையை உணர்ந்தவர். மகன் ஆர்புவாக் கல்லூரியிலேயே ஓர் ஆசிரியனாகிவிட்டாற் போதும் என்பதே அவரது பேரவா.

மகனோ தொடக்கத்திலே படிப்பிற் சிறந்து விளங்கினான் எனற்கில்லை. வண்ணக்கோல் கொண்டு உருவந் தீட்டுவதிலேயே அவனுக்கு நாட்டம் மிகுதி. தாயையும் தந்தையையும் அயலவரையும் அவன் தீட்டிய ஓவியங்கள் கண்டோர் வியக்கும் வண்ணம் இன்றும் உள்ளன. அவனிடத்தே மறைந்து கிடந்த ஆற்றலை முதலில் உணர்ந்தவர் கல்லூரித் தலைவர் ரொமானே. நீ பாரிஸ் மாநகரத்து எக்கோல் நோர்மாலுக்குச் செல்லல் வேண்டும் என்னும் எண்ணத்தை அவனுள்ளத்தில் விதைத்தவர் அவரே. எக்கோல் நோர்மால் என்பது நாட்டின் உயர்கல்லூரிகளுக்கு ஆசிரியரைப் பயிற்றும் பொருட்டு எழுந்த கலாசாலை. போட்டிப் பரீட்சையிலே தேறிய மிகச் சிலரே ஆண்டுதோறும் அதனுட் புகுவர். ஒரு சிற்றூர் ஆசிரியர் தம் மாணாக்கன் ஒருவனைப் பார்த்து இத்தகைய இடத்தைச் சுட்டிக்காட்டுவது எளிய செயலன்று. அவ்வாறு காட்டிய ஆசிரியர் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது குறித்து எம்போலியர் மகிழ்தல் தகும்.

1838ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், பதினாறு வயதும் நிரம்பாத லூயி, ஜூல் வெர்செல் என்னும் தோழனோடு குதிரைவண்டியேறிப் பாரிசுக்குச் சென்றான். பார்பே என்பார் நடத்திய மாணவர் விடுதியில் இடம் கிடைத்தது. ஆயின் வீட்டு நினைவு அவனை வாட்டிற்று. உறக்கம் ஒழிந்தது. தந்தையின் பட்டறையிலே எழும் தோலின் வாடை ஒருமுறை நாசியிற் பட்டாலும் நோய் தீர்ந்துவிடும் எனத் தோழனிடம் சொல்லி ஏங்கினான். நவம்பரில் ஒருநாள், தெருக்கோடியிலுள்ள கோப்பிக் கடையில் ஒருவர் உன்னைக் காத்திருக்கின்றார் என்று செய்தி வந்தது. சென்று பார்த்தபொழுது, உள்ளே ஒரு மேசையருகே முகத்தைக் கைகளிற் புதைத்தபடி தந்தை அமர்ந்திருந்தார். உன்னை அழைத்துப் போக வந்தேன் என்ற அளவிலே அவர் பேச்சு முடிந்தது. வேறொன்றும் வினாவினாரல்லர், கடிந்தாரும் அல்லர். மகன் ஊர் திரும்பி மீண்டும் வண்ணக்கோலைக் கையிலெடுத்தான்.

முதன்முயற்சி இவ்வாறு பரீட்சைக்குத் தோற்று முன்னரே முறிந்தது. தந்தையின் பொறுமையை ஈண்டு நினைத்துப் பார்த்தல் வேண்டும். பணஞ் செலவாயிற்று, ஊரார் வாய்க்கு அவலும் கிடைத்தது. அவரோ மகனின் மனம் ஆறுமளவும் வாளாவிருந்தார்.

அடுத்த ஆண்டிலே ஊருக்கு அண்மையிலுள்ள பெசான்சோன் நகரத்து அரச கல்லூரியிற் சேர்ந்தான். 1840இல் பாக்கலோரியா எனப்படும் பரீட்சையின் இலக்கியப் பிரிவிலே சித்தியெய்தினான். அக்கல்லூரியே அவனை இளம் மாணவரை மேற்பார்க்கும் உதவியாசிரியனாக்கி, உணவும் உறையுளும் தந்து ஆண்டுக்கு 300 பிராங்கு ஊதியமும் வழங்கிற்று. பதினெட்டு வயதினனாகிய அவன், அவ்வூதியத்திலே தங்கை ஒருத்தியின் படிப்புச் செலவைத் தானே தாங்குவதாகப் பெற்றோருக்கு எழுதினான். முதலில் விருப்பம், விருப்பத்தின் வழியே உழைப்பு, உழைப்பின் வழியே பேறு எனச் சகோதரிகளுக்கு அறிவுரை கூறிக் கடிதம் வரைந்தவனும் அவனே. அறிவுரை கூறியவனுக்கு அடுத்த ஆண்டே சோதனை வந்தது. எக்கோல் நோர்மாலின் விஞ்ஞானப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாயின் பாக்கலோரியாவின் விஞ்ஞானப் பிரிவிலும் தேறல் வேண்டும். 1841இல் அப்பரீட்சையிலே அவன் தேறவில்லை.

ஈழத்து வழக்கிலே பரீட்சை எழுதுதலைத் தோற்றுதல் என்கின்றோம். தோற்றினான் என்பதும் தோற்றான் என்பதும் ஒலியால் மிக நெருங்கியவை; பொருளாலோ மலையும் மடுவும் போல்வன. பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாள்களிலே இவ்விரு சொற்களுக்கும் இடையே எத்தனை பிள்ளைகள் உறக்கமின்றி உழல்கின்றனர் என்பதை ஆசிரியர் அறிவர். லூயியும் அவ்வாறு உழன்றவன்தான். இன்னும் ஓராண்டு அதே கணித வகுப்பில் இருந்து பயின்று, 1842 ஓகத்து மாதத்தில் டிஜோன் நகரிலே மீண்டும் தோற்றினான். இம்முறை சித்தி கிடைத்தது. பரீட்சகர் இரசாயனத்துக்கு நேரே இட்ட குறிப்பு நடுத்தரத்துக்குங் கீழ்ப்பட்டது.

அதே மாதத்திலே எக்கோல் நோர்மாலின் நுழைவுப் பரீட்சைக்கும் தோற்றினான். முதற்கட்டத்திலே தெரிவானோர் இருபத்திருவர். லூயி பெற்ற இடம் பதினைந்தாவது.

இவ்விடத்திலேதான் இவ்வரலாறு ஏனைய வரலாறுகளினின்றும் வேறுபடுகின்றது. அவன் தோற்கவில்லை. அடுத்த கட்டத்துக்குச் செல்லும் வாயில் திறந்தேயிருந்தது. ஆயினும் பதினைந்தாம் இடம் தனக்குத் தகாதென அவன் கருதினான். மேற்கொண்டு பரீட்சையைத் தொடராது, ஓராண்டு படித்து மீண்டும் தோற்றுவதென முடிவு செய்தான். இதனைச் செருக்கென்பாரும் உளர். கைக்கெட்டிய பேற்றை உதறி, அடுத்த ஆண்டிலே அதுவும் கிடையாது போயிருப்பின், தோல் பதனிட்டுப் பொருளீட்டும் தந்தையின் முகத்தை எவ்வாறு நோக்கியிருப்பான் என்னும் வினா எழாமற் போகாது. ஏதுமில்லாதவன் ஆடத்தகாத சூதாட்டமெனவே எனக்கும் ஒருகாற் தோன்றியதுண்டு. ஆயின் அவன் தன் அறிவின் அளவைத் தானே நிறுத்துப் பார்த்தான் என்பதே சரியென இப்பொழுது கருதுகின்றேன். இரசாயனத்தில் அவன் அக்காலத்தே உண்மையாகவே வலியற்றவன். டிஜோனிலே பரீட்சகர் அளந்தது பிழையான அளவன்று. அந்த அளவைப் பார்த்துப் பரீட்சகரை வையாது, தன்னிடத்தே குறையுண்டெனக் கொண்டமையே அவனது தெளிவு.

பரீட்சகர் என்றும் தவறார் என்பது என் கருத்தன்று. அதே பிரான்சு தேசத்திலே கணித மேதை எவாரிஸ்து கலுவா, எக்கோல் பொலிதெக்னிக் என்னும் கலாசாலையின் நுழைவுப் பரீட்சையில் 1828இலும் 1829இலும் இருமுறை தள்ளப்பட்டான். பின் புகுந்த எக்கோல் நோர்மாலிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, 1832இல் இருபது வயதிலே துவந்த யுத்தம் ஒன்றில் மாண்டான். அவனை அளத்தற்கு ஏற்ற கோல் பரீட்சகரிடத்தே இருந்ததில்லை. கலுவாவின் கதையைப் பாஸ்ரரின் கதையோடு சேர்த்துக் கட்டுவதுதான் பிழை.

1842 ஒக்டோபரில் லூயி மீண்டும் பாரிசுக்குப் போனான். நான்காண்டுக்கு முன் அழுது நீங்கிய அதே பார்பே விடுதியிலே தங்கினான். கட்டணத்தில் மூன்றிலொரு பங்கைச் செலுத்தினாற் போதும். எஞ்சியதற்கு ஈடாகக் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை இளம் மாணவருக்குக் கணிதம் கற்பித்தான். பகலிலே சான் லூயி உயர்கல்லூரியில் வகுப்பு. இவையெல்லாவற்றினும் பெரும் பேறாக அவனுக்கு வாய்த்தவை, சோர்போனிலே ஜான் பாத்திஸ்து டூமா என்னும் இரசாயனப் பேரறிஞர் ஆற்றிய விரிவுரைகள். நூற்றுக்கணக்கானோர் திரள்வர். இடம் பிடிப்பதற்காக நாடக சாலைக்குப் போவார்போல முன்னதாகவே செல்லல் வேண்டும் என அவன் வீட்டுக்கு எழுதினான். இரசாயனத்தில் மட்டமெனக் குறிக்கப்பட்டவன் அப்பாடத்தின்மீது காதல் கொண்டது அந்த மண்டபத்திலேயே. ஓகத்து மாதத்திலே பதினைந்தாம் இடத்தை ஏற்றிருந்தால், அவ்வாண்டு இவ்வாறு கழிந்திராது.

தந்தைக்கோ வேறு கவலை. மகன் அளவுக்கு மிஞ்சிப் படித்து உடலைக் கெடுத்துக்கொள்வான் என அஞ்சினார். முன்னதாகவே பாரிசுக்குச் சென்றிருந்த ஷப்புயி என்னும் நண்பனுக்கு, லூயியை அவ்வளவு படிக்கவேண்டாமெனச் சொல்லும்படி எழுதினார். படி படி என்று பிள்ளையை நெருக்கும் பெற்றோரையே கண்டு பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றும்.

1843இல் மீண்டும் தோற்றினான். பெற்ற இடம் நான்காவது. கலாசாலை தொடங்குவதற்குச் சில நாள் முன்னரே பாரிசுக்கு வந்து, உள்ளே தங்க அனுமதி வேண்டினான். ஏனையோர் வெளியே செல்ல அனுமதி கேட்கும் இடத்திலே இவன் உட்புக அனுமதி கேட்டான். ஆளில்லாத துயிற்கூடத்திலே தனியே படுத்துறங்கினான். பார்பேயையும் மறந்தானல்லன், ஓய்வு கிடைத்த வியாழக்கிழமைகளில் அவ்விடுதிக்குச் சென்று மாணவருக்குக் கைம்மாறு கருதாது பௌதிகம் கற்பித்தான்.

அக்காலத்து இன்னொரு செய்தி என் உள்ளத்தை மிகவும் உருக்கியது. தங்கைக்குக் கற்பிப்பதற்கு உதவுமே என்று சாட்டுச் சொல்லி, மகன் தன் தந்தைக்கும் பாடங்களை எழுதியனுப்பினான். ஐம்பதைக் கடந்த அந்தத் தோற்தொழிலாளர் இரவிலே விளக்கின்முன் அமர்ந்து இலக்கணமும் கணக்கும் பயின்றார். ஒரு கணக்கோடு இரண்டு நாள் மல்லாடியதாகவும், விடை கண்டபின் அது மிக எளிதாய்த் தோன்றியதாகவும் மகனுக்கு எழுதினார்.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை, விரைந்து சொல்லலாம். 1846இல் ஆசிரியத் தகுதிப் பரீட்சையில் மூன்றாம் இடம். தொலைவிலுள்ள கல்லூரி ஒன்றுக்கு நியமனம் வந்தபோது, பேராசிரியர் பலார் அவரைத் தம் ஆய்வுகூடத்திலேயே நிறுத்திக்கொண்டார். 1848இல், திராட்சையோடு தொடர்புடைய அமிலமொன்றின் பளிங்குகளை உருப்பெருக்கியிலே நோக்கி, அவை இடக்கையும் வலக்கையும் போல இருவகைப்பட்டவை என்பதைப் பாஸ்ரர் கண்டறிந்தார். ஒளியைத் திருப்பாத ஒரு பொருள், எதிரெதிரே திருப்பும் இரண்டின் சமக்கலவையே என்பது வெளியாயிற்று. எழுபத்துநான்கு வயது முதியவராகிய பியோ அதனை எளிதில் நம்பவில்லை. தம்மிடமிருந்த அமிலத்தையும் ஏனைய பொருள்களையும் கொடுத்து, தம் கண்முன்னே மீண்டும் செய்துகாட்டும்படி பணித்தார். இதுவும் ஒரு மறுபரீட்சையே. பாஸ்ரர் சற்றும் முகஞ்சுளியாது மீண்டும் செய்தார். பியோ தாமே கருவியில் நோக்கி உண்மை கண்டவுடன், உணர்ச்சி மேலிட இளைஞரின் கையைப் பற்றிக்கொண்டார்.

நொதித்தல் பற்றிய ஆராய்ச்சி, பட்டுப்புழு நோய், கால்நடைகளைக் கொன்ற அந்திராக்சுக்குத் தடுப்பு, 1885 யூலை 6ஆந் திகதி ஜோசெப் மெய்ஸ்ரர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்ட விசர்நாய்க்கடி மருந்து, 1888இல் பாரிசிலே திறக்கப்பட்ட நிலையம் எனப் பணிகள் தொடர்ந்தன. இடையிலே பெண்மக்கள் மூவரைச் சாவுக்குக் கொடுத்தார். 1868இல் வாதம் கண்டு இடப்பக்கம் செயல் குன்றியது. 1895 செப்டெம்பர் 28ஆந் திகதி காலமானார்.

ஆசிரியருலகு அறியவேண்டிய பகுதி ஒன்றுண்டு. 1857 முதல் 1867 வரை பாஸ்ரர் அதே எக்கோல் நோர்மாலிலே விஞ்ஞானக் கல்விக்குப் பொறுப்பாளராயிருந்தார். கண்டிப்பு மிக்கவர், மாணவர் அவரை அஞ்சினரேயன்றி நேசித்தனர் என்று சொல்வதற்கில்லை. மாணவர் கிளர்ச்சியொன்றின் பின்னரே அப்பதவியினின்றும் நீங்கினார். எனினும் படித்து முடித்த இளைஞர் சிலரை உடனே தொலைவூர்களுக்கு அனுப்பிவிடாது, ஆய்வுகூடத்தில் உதவியாளராக நிறுத்தி ஆராயச் செய்யும் பதவிகளை ஏற்படுத்தினார். பலார் தமக்குச் செய்ததைத் தாம் பிறர்க்குச் செய்தார். முன்னெல்லாம் சிறந்த மாணவர் எக்கோல் பொலிதெக்னிக்கையே நாடுவர். 1861இலே இரு கலாசாலைகளின் பரீட்சையிலும் முதலிடம் பெற்ற கஸ்தோன் தார்பூ என்னும் மாணவன் எக்கோல் நோர்மாலைத் தெரிந்தெடுத்தபோது நாடே வியந்தது.

1883 யூலை 14ஆந் திகதி, டோல் நகரத்தார் பாஸ்ரர் பிறந்த சிறு வீட்டின் சுவரிலே நினைவுக்கல் பதித்தனர். அமைச்சரின் சார்பாளரும் நகர முதல்வரும் கூடியிருந்த அவையிலே எழுந்த பாஸ்ரர், தம் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசவில்லை. மறைந்துபோன தாயையும் தந்தையையும் முன்னிலைப்படுத்தியே பேசினார். நாட்பட்ட முயற்சியிலே பொறுமை எத்தகையது என்பதைத் தந்தை தம் கடுந்தொழிலாலே காட்டினார் என்றார். பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாலையிலே பெரியோர் வரலாறுகளைப் படித்து அவரைப் போற்றும் பண்பைத் தமக்குப் பழக்கினார் என்றார். இன்று இவ்வீட்டுக்குச் செய்யப்படும் சிறப்பு உங்களுக்கே உரியது என அவ்விருவரையும் விளித்துக் கூறினார். தந்தையார் இறந்து அப்பொழுது பதினெட்டாண்டுகள் கழிந்திருந்தன.