கால்வா அந்த ஒரே ராத்திரியில் எழுதவில்லை

போன செமஸ்டர் கிரிப்டோகிராஃபி பேப்பரில் 'காலாய்ஸ் ஃபீல்ட்' என்று ஒரு யூனிட் வந்ததே, ஞாபகம் இருக்கா? நாம எல்லாரும் 'காலாய்ஸ்' என்றுதான் படித்தோம். அது பிரெஞ்சுப் பெயர், கிட்டத்தட்ட 'கால்வா' என்று சொல்லணும். எவரிஸ்த் கால்வா. இன்டர்னல் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ரூம்மேட் ஒருத்தன் அவர் கதையைச் சொன்னான். 20 வயசுப் பையன், காலையில் துப்பாக்கிச் சண்டை, முந்தின ராத்திரி உட்கார்ந்து மொத்த குரூப் தியரியையும் எழுதி முடிச்சுட்டுப் போய்ச் செத்துட்டான். கடைசி ராத்திரியில் சிலபஸ் முடிக்கிற நமக்கு இதைவிடப் பிடிச்ச கதை இருக்க முடியுமா? நானும் நம்பினேன். பிறகு படித்துப் பார்த்தால், அந்த ராத்திரி உண்மை. மொத்தமும் அன்றைக்குத்தான் எழுதினார் என்பது உண்மையில்லை. அதற்கு முந்தைய 3 வருஷக் கதைதான் என்னை ரொம்ப நாள் விடவில்லை.

பிறந்தது 1811 அக்டோபர் 25, பாரிஸ் பக்கத்தில் பூர்-லா-ரேன் என்ற ஊர். அப்பா அந்த ஊர் மேயர். 12 வயசு வரை அம்மாதான் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் பாரிஸில் லூயி-ல-கிராந் பள்ளி. 15 வயசில் கணக்கு வகுப்பில் சேர்ந்ததும் மற்ற பாடம் எல்லாம் போச்சு. எகோல் பாலிடெக்னிக் என்பது அந்தக் காலத்து பிரான்சுக்கு நம்ம ஐஐடி மாதிரி. 1828-ல் சரியான தயாரிப்பு இல்லாமல் அதன் நுழைவுத் தேர்வு எழுதி ஃபெயில் ஆனார்.

அவர் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். இரண்டாம் படிச் சமன்பாட்டுக்கு ஃபார்முலா நமக்குத் தெரியும். மூன்றாம் படி, நான்காம் படிக்கு இத்தாலிக்காரர்கள் 16-ம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்தாம் படிக்குப் பொதுவான ஃபார்முலா கிடையாது என்று நார்வேக்காரர் ஆபெல் 1824-ல் நிரூபித்தார். சரி, பொதுவாகக் கிடையாது. ஆனால் கையில் ஒரு குறிப்பிட்ட சமன்பாடு இருந்தால், அது தீருமா தீராதா என்று எப்படிச் சொல்வது? கால்வா மூலங்களைக் கண்டுபிடிக்கவே போகவில்லை. மூலங்களை ஒன்றுக்கொன்று எப்படியெல்லாம் இடம் மாற்றலாம், எந்த மாற்றம் அவற்றுக்குள் இருக்கும் உறவுகளைக் கெடுக்காது என்று பார்த்தார். கெடுக்காத மாற்றங்களின் கூட்டத்துக்குத்தான் 'குரூப்' என்று பெயர் வைத்தார். தமிழ்வழிப் பாடநூலில் 'குலம்'.

ஒரு உதாரணம். எக்ஸின் ஐந்தாம் அடுக்கிலிருந்து 4 எக்ஸ் கழித்து, 2 கூட்டி, பூஜ்யத்துக்குச் சமம் என்று வையுங்கள். கிராஃப் போட்டால் x-அச்சை 3 இடத்தில் வெட்டும். அதாவது 3 மெய் மூலம், மிச்சம் 2 கலப்பு மூலம். அந்த இரண்டை மட்டும் இடம் மாற்றுவது ஒரு மாற்றம். ஐந்தையும் வட்டமாகச் சுற்றி விடுவது இன்னொன்று. சமன்பாட்டைச் சின்னதாக உடைக்க முடியாததால் அதுவும் கட்டாயம் இருக்கும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் போதும், 5 மூலத்தையும் அடுக்கக்கூடிய 120 வழியும் வந்துவிடும். இப்படி முழுக் குரூப்பையும் பெற்றுத் தரும் உறுப்புகளுக்குப் பெயர் ஜெனரேட்டர் (ஹாஸ்டல் பின்னாடி புகை விடுகிறதே, அது இல்லை). அந்த 120 பேர் குரூப்பை, வர்க்கமூலம் கனமூலம் மாதிரி மூலம் எடுத்து எடுத்துத் தீர்க்கிற முறைக்கு ஏற்றபடி படிப்படியாகப் பிரிக்க முடியாது. அதனால் இந்தச் சமன்பாட்டுக்கு ஃபார்முலா கிடையாது. கதை முடிஞ்சது.

இதன் முதல் வடிவத்தை 1829-ல், 17 வயசில், பாரிஸ் அறிவியல் அகாதமிக்கு அனுப்பினார். இனி வரும் பெயர்களைக் கவனியுங்கள், எல்லாம் நம்ம மேத்ஸ் பேப்பரில் படிச்சவைதான். மதிப்பிடப் பொறுப்பேற்றவர் கோஷி. 1830 ஜனவரியில் அதைப் பற்றிப் பேச இருந்தார், உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போனது, அதோடு சரி. அடுத்து ஒரு பெரிய பரிசுக்கு எழுதி அனுப்பினார். ஃபூரியர் வீட்டுக்கு எடுத்துப் போனார், மே மாதம் இறந்துபோனார், கட்டுரை கிடைக்கவே இல்லை. பரிசு ஜாக்கோபிக்கும், ஏற்கெனவே இறந்துபோயிருந்த ஆபெலுக்கும் போனது. 1831 ஜனவரியில் மூன்றாவது தடவை. இந்த முறை பாய்ஸான் படித்துவிட்டு, தெளிவாக இல்லை, விரிவாக எழுதி அனுப்பட்டும் என்று திருப்பினார்.

இதில் பாய்ஸானை வில்லன் ஆக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கட்டுரையின் மொழிபெயர்ப்பை நானும் முயன்று பார்த்தேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் 4 படி காணோம். என் அசைன்மென்ட்டில் அப்படி எழுதினால் பூஜ்யம்தான். ஆனால் அவர் நிலைமையையும் பாருங்கள். 1829 ஜூலையில், ஊர் அரசியல் அவதூறு தாங்காமல் அப்பா தற்கொலை செய்துகொண்டார். சில வாரத்துக்குள் பாலிடெக்னிக் தேர்வு இரண்டாவது தடவை, மறுபடி ஃபெயில். டஸ்டரை எக்ஸாமினர் மேல் எறிந்தார் என்ற கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. வேறு கல்லூரியில் சேர்ந்தார். 1830 ஜூலைப் புரட்சியின்போது இயக்குநர் மாணவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார். கால்வா அதைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, வெளியேற்றிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒரு விருந்தில் கையில் கத்தியோடு அரசர் பெயரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்கியதற்குக் கைது, விடுதலை. ஒரு மாதத்தில், தடை செய்த காவற்படைச் சீருடையில் ஊர்வலம் போனதற்கு மறுபடி கைது. 6 மாதச் சிறை. பாய்ஸானின் பதில் கைக்கு வந்தது அந்தச் சிறையில்தான்.

1832 ஏப்ரல் கடைசியில் வெளியே வந்தார். மே 30 காலையில் சண்டை. ஒரு பெண் விஷயம் என்று அவர் கடிதங்களிலிருந்து தெரிகிறது. அதற்கு மேல் எல்லாம் ஊகம்தான். முந்தின ராத்திரி செய்தது என்ன? நண்பர் ஷெவாலியேவுக்கு, தான் கண்டுபிடித்ததன் சுருக்கத்தை நீண்ட கடிதமாக எழுதினார். பழைய கட்டுரையைத் திருத்தி ஓரத்தில் குறிப்புப் போட்டார். எழுதி, தொலைந்து, மறுபடி எழுதி, திரும்பி வந்த அதே கட்டுரை. வயிற்றில் குண்டு. மறுநாள் ஆஸ்பத்திரியில், தம்பி ஆல்ஃப்ரெட் பக்கத்தில் இருக்க, உயிர் போனது. மோன்பார்னாஸில் பொதுக் குழியில் புதைத்தார்கள்.

தம்பியும் ஷெவாலியேவும் தாள்களை எல்லாம் பிரதி எடுத்து வைத்தார்கள். லியூவில் என்ற கணிதவியலாளர் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொண்டு 1846-ல் அச்சிட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் கோஷி, குரூப்பின் எண்ணிக்கையை ஒரு பகா எண் வகுத்தால் அத்தனை தடவையில் சுற்றி வரும் உறுப்பு ஒன்று உண்டு என்று நிரூபித்தார். மேலே சொன்ன 'ஐந்தையும் சுற்றி விடும்' மாற்றம் இருக்கு என்று சொல்ல இன்றைக்கு நாம் பயன்படுத்துவது அந்தத் தேற்றத்தைத்தான்!

நம்ம சிலபஸில் வந்தது இந்தக் கட்டுரையே இல்லை. முடிவுள்ள களங்களைப் பற்றி 1830-ல், 18 வயசில் எழுதிய வேறொன்று. அது பிரச்சினையே இல்லாமல் அச்சானது. அந்த 256 உறுப்புக் களத்தில் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துங்கள். 8 தடவை செய்தால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்தக் களத்தின் கால்வா குரூப்பில் 8 உறுப்பு, ஜெனரேட்டராக ஒன்றே போதும், வர்க்கப்படுத்துவது. இப்படிப்பட்ட களங்களை ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் அடுக்கிக்கொண்டே போனால்? 1928-ல் ஜெர்மனியின் க்ருல் இந்த மாதிரி முடிவில்லாத குரூப்புகளைக் கையாள வழி சொன்னார்: ஒவ்வொரு முடிவுள்ள அடுக்கிலும் அது எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் போதும். ப்ரோஃபைனைட் குரூப் என்று இன்று சொல்வது அதைத்தான். எந்த அடுக்கில் நின்று பார்த்தாலும் அங்கே நடக்கும் எல்லா மாற்றமும் அதே வர்க்கப்படுத்தலைத் திரும்பத் திரும்பச் செய்தாலே வந்துவிடும். கேன்டீனில் டீக்குக் காசு கொடுக்க ஸ்கேன் பண்ணும் க்யூஆர் கோடில், கிழிந்த மூலையைச் சரி செய்யும் கணக்கு நடப்பதும் அதே 256 உறுப்புக் களத்தில்தான்.