ஓசையை அளந்த மனிதர்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் அண்ணன் மகன் தன் ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிளை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் வருவதற்கு முன்பே அவன் வண்டியின் ஓசை வந்துவிட்டது. எதிர்வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழுதது. நிறுவனம் பொருத்தி அனுப்பிய சைலன்சரைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் வாங்கிய வேறொன்றை மாட்டியிருந்தான். இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அதில் போயிருந்தது.

ஆனால், அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ஓசை கூடியிருந்ததே தவிர, வண்டி முன்புபோல் இழுக்கவில்லை. நெரிசலில் மெதுவாகச் செல்லும்போது திக்கித் திணறியது. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் பின்னால் பட்பட் என்று வெடித்தது. பொருத்திக் கொடுத்த கடைக்காரர் ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பணம் கொடுத்து வாங்கிய பொருள் ஏன் சக்தியைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவன் என்னிடம் கேட்ட கேள்வி. அதற்கு விடையாக நான் அவனுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னேன். அதை இங்கும் சொல்லத் தோன்றுகிறது.

அவர் பெயர் வால்டர் காடன். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் போபெர்ஷாவ் என்னும் சிற்றூரில் 1919 செப்டம்பர் 1 அன்று பிறந்தவர். அவ்வூருக்கு அருகிலுள்ள சோப்பாவ் நகரில்தான் டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் ஆலை இருந்தது. 1920-களின் இறுதியில் உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் மோட்டார் சைக்கிள்களை உருவாக்கிய ஆலை அது. காடனின் தந்தை அந்த ஆலையின் விற்பனை மேலாளரிடம் கார் ஓட்டுநராகப் பணியாற்றினார். 1927-இல் நூர்பர்க்ரிங் பந்தயத் தடம் திறக்கப்பட்டபோது, எட்டு வயதை எட்டும் பருவத்தில் இருந்த காடனும் அங்கே இருந்தார். ஒரு சிறுவனின் வாழ்க்கைத் திசை முடிவாவதற்கு அதுபோன்ற ஒரு நாள் போதும்.

கெம்னிட்ஸ் நகரில் பொறியியல் பயின்ற அவரை, அடுத்து வந்த போர் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1940-இல் பெர்லினை அடுத்த ஹென்ஷல் விமான ஆலையில் சேர்ந்தார். விமானத்திலிருந்து ஏவி, வானொலி அலைகளால் இலக்கை நோக்கிச் செலுத்தப்படும் எச்.எஸ். 293 என்னும் ஏவுகுண்டை வடிவமைத்த ஹெர்பர்ட் வாக்னரின் குழுவில் பணியாற்றினார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிடுகிறேன். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடற்கரைக்கு அப்பால் ரோனா என்ற கப்பலை மூழ்கடித்தது இத்தகைய ஏவுகுண்டுதான். போருக்கு முன்பு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் நம் மக்களைச் சுமந்து சென்ற கப்பல் அது. நம் முதியவர்கள் இன்றும் நினைவுகூரும் ரஜுலா கப்பலின் சகோதரக் கப்பல். அன்று 1,015 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர். கப்பல் பணியாளர்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர்கள். காடன் அந்தக் குழுவில் ஓர் இளம் பொறியாளர் மட்டுமே. எனினும், அவரைப் போற்றி எழுதும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது.

போர் முடிந்ததும் அமெரிக்கர்களின் காவலில் சில காலம் இருந்துவிட்டு, காடன் சோப்பாவுக்கே திரும்பினார். குண்டுகளால் கூரை இழந்த கட்டடங்களுக்கு மரச்சட்டங்கள் செய்து தரும் தொழிலைத் தொடங்கினார். மிச்ச நேரத்தில் டி.கே.டபிள்யூ. ஆலையின் ஆர்டி 125 என்னும் சிறிய வண்டியைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு செப்பனிட்டார். அப்போது அந்த ஊர் சோவியத் ஆளுகைப் பகுதியில் இருந்தது. பழைய ஆலை அரசுடைமையாகி, பின்னாளில் எம்.இசட். என்று பெயர் பெற்றது. 1953-இல் அதன் பந்தயப் பிரிவின் பொறுப்பு காடனிடம் வந்து சேர்ந்தது.

அவரிடம் ஒப்படைக்கப்பட்டது டூ-ஸ்ட்ரோக் என்ஜின். எளிமையானது, மலிவானது, ஆனால் வீண்செலவு மிகுந்தது. அதில் எரிந்த புகை வெளியேறும் துளையும் புதிய எரிபொருட்கலவை உள்ளே வரும் துளைகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி, எரியாமலேயே புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். வாசல் கதவும் கொல்லைக் கதவும் திறந்து கிடக்கும் வீட்டில் நெல்லைக் கொட்டி வைப்பது போன்றது அது. ஆகவே, பந்தயத்தில் ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின்களோடு அது போட்டியிட முடியாது என்றே பலர் கருதினர்.

கொல்லைக் கதவை மூடும் வேலையைச் சைலன்சர் குழாய்க்கே கொடுக்கலாம் என்பதுதான் காடன் கையாண்ட நுட்பம். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் விரிந்துகொண்டே செல்லும் இடத்தில் அந்த அலை ஓர் உறிஞ்சலாக மாறித் திரும்புகிறது. அது எஞ்சிய புகையை வெளியே இழுத்து, புதிய கலவையை உள்ளே வரவழைக்கிறது. பிறகு குழாய் குறுகும் இடத்தில் அலை மோதித் திரும்பி, ஓடிப்போக முயலும் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளுகிறது. சரியாக அந்தக் கணத்தில் பிஸ்டன் துளையை மூடிவிட வேண்டும்.

இந்தக் கணக்கு எவ்வளவு நுண்ணியது என்பதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 10,800 சுற்றுகள் என்றால் நொடிக்கு 180 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு நொடி. அதற்குள் அலை போய்த் திரும்பிவிட வேண்டும். குழாயின் நீளம் மாறினால் அலை முந்தும் அல்லது பிந்தும். ஆகவே, வெறும் காதால் கேட்டு இதைச் சரிசெய்ய முடியாது. காடன் ஆஸிலோஸ்கோப் கருவியைக் கொண்டு குழாய்க்குள் எழும் அதிர்வுகளைத் திரையில் பார்த்தார். ஒரு குழாயைச் செய்வது, அளப்பது, வெட்டுவது, மீண்டும் ஒட்டுவது, மீண்டும் அளப்பது என்பதாகவே அவருடைய ஆண்டுகள் கழிந்தன.

இவை எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தார் என்று சொல்லிவிட முடியாது. சுழலும் தட்டு வால்வை டேனியல் ஸிம்மர்மன் தன் பந்தய வண்டியில் முன்பே பயன்படுத்தியிருந்தார். விரிவறைக் குழாயை மேற்கு ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. பொறியாளர் எரிக் வோல்ஃப் முன்னதாக முயன்றிருந்தார். காடன் இவற்றை ஒன்றுசேர்த்து, கூடுதலாக ஒரு கலவைத் துளையும் அமைத்து, ஒவ்வொன்றையும் மற்றொன்றுக்கு இசையச் செய்தார். வீணையில் ஒரு தந்தியை முறுக்கினால் மற்றவற்றையும் சுருதி சேர்க்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். 1961-இல் அவருடைய 125 சிசி என்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அந்த அளவை, காற்றை அழுத்திச் செலுத்தும் துணைக்கருவி இல்லாத எந்த என்ஜினும் அதுவரை எட்டியதில்லை.

பணம் இல்லாத ஆலை, தரமான உலோகங்களுக்கே தட்டுப்பாடு நிலவிய நாடு. அப்படியிருந்தும் 1958-இல் ஸ்வீடனில் ஹோர்ஸ்ட் ஃபூக்னர் எம்.இசட். வண்டிக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியைத் தேடித் தந்தார். 1961-இல் எர்ன்ஸ்ட் டெக்னர் என்ற வீரர் 125 சிசி உலகச் சாம்பியன் பட்டத்தை நெருங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 13-இல் பெர்லின் சுவர் எழுந்தது. ஐந்து வாரங்கள் கழித்து, செப்டம்பர் 17 அன்று ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் நடந்த பந்தயத்தில் டெக்னரின் என்ஜின் பழுதடைந்து நின்றது. அதன்பின் டெக்னர் நாடு திரும்பவில்லை. அவருடைய மனைவியும் குழந்தைகளும் அதே சமயத்தில் ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து மேற்கு ஜெர்மனிக்குள் கடத்திச் செல்லப்பட்டனர். டெக்னர் ஜப்பானுக்குச் சென்று சுசூகி நிறுவனத்தில் சேர்ந்தார். சோப்பாவின் நுட்பமும் அவரோடு சென்றது.

அடுத்த ஆண்டே, 1962-இல், சுசூகி வண்டியில் 50 சிசி உலகச் சாம்பியன் ஆனார் டெக்னர். டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வென்ற முதல் உலகப் பட்டம் அது. பின்னர் யமஹாவும் அதே வழியில் நடந்தது. 1975 முதல் 2001 வரை 500 சிசி பிரிவின் உலகப் பட்டங்கள் அனைத்தும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கே கிடைத்தன. எம்.இசட். நிறுவனமோ ஒருமுறைகூட உலகப் பட்டம் வெல்லவில்லை.

காடன் எங்கும் போகவில்லை. சோப்பாவிலேயே தங்கி, அதே பட்டறையில் வேலையைத் தொடர்ந்தார். 1963-இல் சாக்சன்ரிங் தடத்தில் மைக் ஹெய்ல்வுட் அவருடைய 250 சிசி வண்டியில் வென்றார். கரடுமுரடான பாதைகளில் நடக்கும் பன்னாட்டு ஆறு நாள் பந்தயத்தில் 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து முறை கிழக்கு ஜெர்மனி கோப்பையை வென்றது. 1996 மார்ச் 3 அன்று அவர் காலமானார்.

டெக்னரைத் துரோகி என்று எளிதில் சொல்லிவிடலாம். சுவருக்குள் பிள்ளைகளை வளர்க்க விரும்பாத ஒரு தந்தையை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அதேசமயம், பத்தாண்டு உழைப்பு இன்னொருவர் பெயரில் மகுடம் சூடியதைத் தொலைவிலிருந்து பார்க்க நேர்ந்த மனிதரையும் என்னால் மறக்க இயலவில்லை. தொழில்நுட்ப வரலாறு வென்றவர்களின் பெயர்களை நினைவில் வைக்கிறது. அளந்தவர்களின் பெயர்களை எளிதில் தொலைத்துவிடுகிறது.

இந்தக் கதை நமக்கு அந்நியமானது அன்று. யமஹா 1955-இல் உருவாக்கிய முதல் மோட்டார் சைக்கிள், சோப்பாவின் ஆர்டி 125 வண்டியைப் பார்த்துச் செய்தது. 1985-இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை நம்மில் யார் மறக்க முடியும்? நானும் ஒன்று வைத்திருந்தேன். கல்லூரி முடித்த புதிதில், ஓசைக்காக அதன் சைலன்சரின் உட்பாகத்தை உருவி எறிந்தேன். குழாயை மாற்றினால் கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்ற வேண்டும் என்பதோ, ஸ்பார்க் பிளக் வெளுத்துப்போனால் கலவையில் பெட்ரோல் குறைந்து என்ஜின் கொதிக்கிறது என்று பொருள் என்பதோ எனக்குத் தெரியாது. விழுப்புரம் நெடுஞ்சாலையில் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. எனக்குச் சிராய்ப்புகள் மட்டும். பின்னால் அமர்ந்திருந்த நண்பனின் மணிக்கட்டு முறிந்தது. இன்றும் மழைக்காலத்தில் அவன் அந்தக் கையைத் தடவிக்கொள்வதைப் பார்க்கும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இன்றைய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை; கணினி எரிபொருளை அளந்து தெளிக்கிறது. ஆனால் விதி மாறவில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. முழுச் சக்தி வேண்டும்போது காற்றின் பங்கு 13-ஐ ஒட்டிக் குறைய வேண்டும். பழைய குழாய்க்காக எழுதப்பட்ட கணக்கைக் கணினியில் வைத்துக்கொண்டு புதிய குழாயை மாட்டினால் கணக்கு பிசகும். நிறுவனம் பொருத்தும் குழாய்க்குள் இருக்கும் தடுப்புகள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. குறைந்த வேகத்தில் அலையை ஒழுங்குபடுத்துபவை. புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. ஒலி, காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எதிர்வீட்டுக் குழந்தையின் உறக்கம்.

நான் சொல்லி முடித்ததும் அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். அடுத்த வாரம், சக்தியையும் கலவையையும் உருளைமேல் ஓடவிட்டு அளக்கும் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றான். அங்கே வரைந்து கொடுத்த கோட்டுப்படத்தில், நடுவேகத்தில் சக்தி பள்ளம்போல் விழுந்திருந்ததை அவனே கண்ணால் பார்த்தான். பழைய சைலன்சரையே மீண்டும் மாட்டிக்கொண்டான். பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள் வந்தால், முறையாக அளந்து, கணினியின் கணக்கையும் திருத்திப் புதியதை மாட்டுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறான்.

நேற்று மாலை அவன் வந்தபோது, அழைப்பு மணி அடித்த பிறகுதான் வந்திருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. கையில் அந்தக் கோட்டுப்படத்தை மடித்து வைத்திருந்தான். அதில் இன்னொரு ஐயம் இருப்பதாகச் சொல்லி, உள்ளே வந்து அமர்ந்தான்.