உப்பும் சாம்பலும்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவி நிற்க, நடுவே விளங்கும் ஆற்றிடைக்குறை திருவரங்கம். அவ்வூரில் தோன்றியவர் மருத்துவர் தி.சே.சௌ. இராஜன். திருச்சிராப்பள்ளிக் கண்டோன்மெண்ட் பகுதியில் அமைந்த அவர்தம் இல்லத்திலிருந்துதான், 1930 ஏப்ரல் 13 அன்று, ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் வேதாரணியம் நோக்கி நடந்தார் இராஜாஜி. ஏப்ரல் 30 அன்று உப்பள்ளிக் கைதானார். திருச்சிச் சிறை புகுந்தார். இதனைத் திருச்சியில் பள்ளிச் சிறாரும் அறிவர். அவரே எண்பத்து மூன்றாம் அகவையில் மேற்கொண்ட மற்றொரு பயணத்தை அறிந்தோர் சிலரே. அது உப்பின் பொருட்டன்று. வானிலிருந்து உதிர்ந்த சாம்பலின் பொருட்டு.

1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கிய காலத்திலேயே அறிவியலைத் தமிழில் காண விழைந்தவர். 1916-இல் கலைச்சொல்லாக்கத்திற்கென அங்கு ஒரு சங்கம் கண்டார். பின்னர், வேதியியலை எளிய தமிழில் விளக்கும் ‘திண்ணை ரசாயனம்’ என்னும் நூலை இயற்றினார். அறிவியல் ஆய்வுக்கூடத்தார்க்கு மட்டும் உரியதன்று, திண்ணையில் அமர்ந்திருப்போர்க்கும் உரியது என்னும் கொள்கை அத்தலைப்பிலேயே விளங்குகின்றது.

தமிழ் பயிற்றும் எனக்கு இவரைப் போற்றுதல் எளிதன்று. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆட்சிக்குத் தலைமை தாங்கியவர் இவர். அதனை எதிர்த்துச் சிறை சென்று 1939-இல் உயிர்நீத்த நடராசனையும் தாளமுத்துவையும் மறந்துவிட்டு இவரைப் பாட என் மனம் ஒப்பாது. எனினும் ஒருவர் செய்த பிழையைக் காட்டி அவர் செய்த நன்றை மறைத்தலும் நடுநிலை ஆகாது.

1954 மார்ச் 1 அன்று, பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவில் அமெரிக்கா 15 மெகாடன் ஆற்றலுள்ள ஐதரசன் குண்டை வெடித்துச் சோதித்தது. ஏறத்தாழ நூறு மைல் கிழக்கேயுள்ள ராங்லாப் தீவில் சில மணி நேரத்தில் வெண்சாம்பல் பெய்தது. சிறுவர் அதனை அள்ளி விளையாடினர். அதற்கும் கிழக்கே ராங்கெரிக் தீவில் இருந்த அமெரிக்க வானிலை நிலையத்தில், கதிர்வீச்சை அளக்கும் கருவியின் முள் அளவுகோலைக் கடந்தது. அங்கிருந்த 28 அமெரிக்கரும் மறுநாளே அகற்றப்பட்டனர். அன்று மாலை ராங்லாபுக்கு இருவர் கருவியுடன் வந்து, அளந்து, சிறிது நேரத்தில் மீண்டனர். தீவு மக்கள் மூன்றாம் நாளே அகற்றப்பட்டனர். அதற்குள் அவர்கள் ஏற்றிருந்த கதிர்வீச்சு ஏறத்தாழ 175 ராண்ட்ஜன் என மதிப்பிட்டனர். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் பெறுவதைப் போல் பல்லாயிரம் மடங்கு. அளக்க வந்தவர் அளவை அறிந்தனர். அங்கு வாழ்ந்தவர் அறிந்திலர்.

அவ்வாண்டு ஏப்ரலில், தம் கல்வித் திட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பினிடையே முதலமைச்சர் பொறுப்பினின்று விலகினார் இராஜாஜி. அதன்பின் அணுகுண்டுச் சோதனைகளுக்கு எதிராக இடையறாது எழுதலானார். உயரே சென்ற தூசு காற்றோடு உலகைச் சுற்றி மழையோடு இறங்கும். அதிலுள்ள ஸ்ட்ரான்சியம்-90 சுண்ணச் சத்தைப் போன்றது. புல்லில் படிந்து, பாலில் கலந்து, குழந்தையின் எலும்பில் தங்கும். பம்பாயை அடுத்த டிராம்பே அணு ஆய்வு நிலையத்தாரும் நம் நாட்டு மழைநீரிலும் பாலிலும் இதனை அளந்தனர். பிறர் உண்ணும் உணவில் நஞ்சு கலக்க எந்நாட்டிற்கும் உரிமையில்லை, பிறர் நிறுத்தினாலும் நிறுத்தாவிடினும் அமெரிக்கா தானே முன்வந்து நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

1962-இல் அமெரிக்கா கிறிஸ்துமஸ் தீவருகே மீண்டும் சோதனைகள் நிகழ்த்தியது. சோவியத்து நாடும் வடதுருவப் பகுதியில் நிகழ்த்தியது. அவ்வாண்டு செப்டம்பரில், காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில், ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் வாசிங்டன் சென்றார் இராஜாஜி. மேலைநாட்டு மண்ணை அவர் மிதித்தது அதுவே முதன்முறை. கென்னடி ஒதுக்கியிருந்த நேரத்தைக் கடந்தும் உரையாடல் நீண்டது. 1963 ஆகஸ்டு 5 அன்று மாஸ்கோவில், வானிலும் விண்வெளியிலும் நீரடியிலும் அணுச்சோதனையைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அது இவர் ஒருவரால் விளைந்ததெனல் மிகை. பல நாட்டு மக்கள் எழுப்பிய குரலில் இவர் குரலும் ஒன்று. உடன்படிக்கையும் நிலத்தடிச் சோதனைக்கு இடம் தந்தது. சீனமும் பிரான்சும் அதில் சேரவில்லை.

சாம்பல் பெய்த நாளில் ராங்லாபில் ஒரு வயதுக் குழந்தையாய் இருந்த ஒருவன், 1972 நவம்பரில், தன் பத்தொன்பதாம் வயதில் இரத்தப் புற்றால் மறைந்தான். அடுத்த மாதம் 25-ஆம் நாள், தொண்ணூற்று நான்கு ஆண்டு வாழ்ந்த இராஜாஜி மறைந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் அவனுக்காகவும்தான் அம்முதியவர் கடல் கடந்தார். அரங்கத் தீவில் நின்று காவிரியைக் காணும்போதெல்லாம், அளப்பதற்கு ஒருவரும் எச்சரிப்பதற்கு ஒருவரும் இல்லாத தீவு எதுவும் இனி இருத்தலாகாது என்றே என் நெஞ்சம் வேண்டுகின்றது.