வாக்கு மாறாத ஊழியக்காரர்



இந்த மாதம் நம்ம தஞ்சாவூர் மண்ணில் அடக்கமாயிருக்கிற சுவார்ட்ஸ் ஐயரைக் குறித்து எழுதுகிறேன். ஆண்டவர் ஏவினார் என்று ஆரம்பிக்க வந்த பேனாவை நிறுத்திக்கொண்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்லுகிறேன்.

ஐயர் 1726-இல் அன்றைய பிரஷியா தேசத்தில் பிறந்தார். ஹாலே பட்டணத்தில் படிக்கிறபோதே தமிழ் கற்கத் தொடங்கினார். 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பிறகு திருச்சி, அதன்பின் தஞ்சாவூர். கலியாணம் பண்ணிக்கொள்ளவில்லை, சொந்த தேசத்துக்குத் திரும்பிப் போகவுமில்லை. நம்மைப்போல் பெந்தெகொஸ்தேக்காரர் அல்ல, லுத்தரன் மிஷனெரி. ஆனாலும் நாவில் தேவ பயம் எப்படி இருக்கவேண்டும் என்பதை அவரிடம்தான் நான் கற்றேன்.

1779-இல் ஹைதர் அலியிடம் சமாதானம் பேச, ஆங்கிலேயக் கம்பெனியார் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். கம்பெனியாரை நம்பாத ஹைதர், ஐயரை நம்பினார். வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த 300 ரூபாயை ஐயர் அப்படியே கம்பெனியாரிடம் ஒப்புவித்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வைத்துவிட்டார். அடுத்த வருஷமே யுத்தம் மூண்டது. அப்போதும் ஐயரைத் தடுக்கக்கூடாது என்று ஹைதர் தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

அந்த யுத்தத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் கொடிய பஞ்சம். காலையில் வீதியில் பிணங்கள் கிடக்கும். கிராமங்களில் தானியம் இருந்தது, ஏற்றிவர மாடு இல்லை. முன்னே மாடு கொடுத்தவர்களுக்கு நடுவிலிருந்த துபாஷிகள் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜா துளஜா கெஞ்சியும் ஒருவரும் வரவில்லை. எங்கள் சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டது, ஐயர் சொல்லையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்று ராஜாவே பொறுப்பை அவரிடம் விட்டார்.

ஐயர் நாலாபக்கமும் கடிதம் அனுப்பினார். கூலியைத் தாமே தம் கையால் கொடுப்பதாகவும், மாடு செத்தாலும் அதற்கு விலை தருவதாகவும் வாக்குக் கொடுத்தார். ஓரிரண்டு நாளில் 1,000 மாடுகளுக்குமேல் வந்தன. உபதேசியார்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது! ஆபத்து தீர்ந்ததும் ஐயர் சொன்னபடியே கணக்குத் தீர்த்தார். தம்மிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்த பிறர் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, சின்ன வெகுமதியும் கொடுத்து அனுப்பினார்.

பின்னொரு சமயம் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டே ஓடிப்போனார்கள். ராஜா கூப்பிட்டும் வரவில்லை. ஐயர் வாக்குக் கொடுத்ததும் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். பருவம் முடியப்போகிற நேரம், இராப்பகலாய் வயலில் இறங்கினார்கள். விவசாயி வீட்டில் பிறந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

துளஜா மரிக்கும்முன் தன் சுவிகார புத்திரன் சரபோஜியை ஐயரிடம் ஒப்படைத்தார். 1798 பிப்ரவரி 13-இல் ஐயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதே வருஷம் ராஜாவான சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. ஆனாலும் அவர் வைத்த பளிங்குச் சிற்பம் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் இன்றும் இருக்கிறது.

இப்போது என் காரியம். 2016-இல் ஒரு உபவாச ஜெபத்தில், ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும், குறுவை விளையும், கர்த்தர் சொல்லுகிறார் என்று சத்தமிட்டேன். கர்த்தர் சொல்லவில்லை. ஜனங்களின் அல்லேலூயா சத்தம் என்னைப் பேசவைத்தது. சபைச் சகோதரர் ஒருவர் அதை நம்பி மனைவியின் சங்கிலியை அடகுவைத்து நாற்று விட்டார். அந்த வருஷம் செப்டம்பரில்தான் அணை திறந்தார்கள். நாற்று கருகிப்போச்சு. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பாயில் உட்காருகிறவர் கடைசிக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். நானோ, விசுவாசக் குறைவு என்று பிரசங்கம் பண்ணித் தப்பித்துக்கொண்டேன்.

பிற்பாடு ஐயருடைய சரித்திரத்தில் அந்த மாட்டுக் கூலியை வாசித்தபோது உடைந்துபோனேன். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அடகு மீட்க என்னால் ஆனதைக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். சகோதரி வாங்கிக்கொண்டார்கள். சங்கிலி அவர்களுடையதுதானே!

தேவ பிள்ளையே, கெட்ட வார்த்தை பேசாதது மட்டும் நாவைக் காப்பது அல்ல. பஸ் ஸ்டாண்டில் ஜெபிக்கிறேன் பிரதர் என்று சொல்லி மறந்துபோகிறோம். நடவாட்களிடம் நாளைக்குக் கூலி தருகிறேன் என்று சொல்லி இழுத்தடிக்கிறோம். தேவன் சொல்லாததைத் தேவன் சொன்னார் என்கிறோம். நம் சொல் பொய்த்தால் ஜனங்கள் நம்மை மட்டுமா விடுவார்கள்? நாம் சுமக்கிற நாமத்தையும் தூஷிப்பார்களே!

இன்றைக்கு யாருக்காவது கொடுத்த வாக்கு பாக்கியிருந்தால், அடுத்த ஆராதனைக்கு வருமுன்னே போய்த் தீர்த்துவிட்டு வாருங்கள். எனக்காகவும் ஜெபியுங்கள். கர்த்தர் நம் நாவைக் காப்பாராக. ஆமென்.