யார் இந்த பாவலர்? இளையராஜாவின் அண்ணன், தேவிகுளம் இடைத்தேர்தலின் பாட்டுக்காரர்

'அலைகள் ஓய்வதில்லை' டைட்டிலில் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று வருமே, கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பாவலர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரின் அண்ணன் வரதராஜன். போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணைப்புரம்தான் ஊர். வேலை, கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடுவது.

அவருடைய டெக்னிக் ரொம்ப சிம்பிள். ஊரே முணுமுணுக்கிற சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். காதல் வரிகளைத் தூக்கிவிட்டு கூலி, விலைவாசி, முதலாளி என்று போட்டுவிடுவார். மெட்டு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் கூட்டம் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மறுநாள் வேலையில் அதைப் பாடலாம். அமெரிக்காவில் ஜோ ஹில் கிறிஸ்தவப் பக்திப் பாட்டு மெட்டுகளில் தொழிற்சங்கப் பாட்டு கட்டினாரே, அதே கணக்கு.

இந்தக் கலைக்குப் பெரிய சோதனை 1958-ல் வந்தது. முந்தைய ஆண்டுதான் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் கேரளாவில் ஆட்சிக்கு வந்திருந்தார். 126 இடங்களில் கட்சிக்கு 60. ஐந்து சுயேச்சைகள் கைகொடுத்ததால் ஆட்சி. இந்த நிலையில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, இடைத்தேர்தல் வந்துவிட்டது. ஒரு சீட் போனாலும் சிக்கல்தான்.

தேவிகுளம் எங்கே இருக்கிறது? போடியிலிருந்து வளைந்து வளைந்து போடிமெட்டு ஏறினால், ஏலக்காய்த் தோட்டங்களைத் தாண்டி வரும் தேயிலை மலை. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கேரளாவோடு போன பகுதி. ஆனால் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலையாளப் பேச்சு அங்கே எவ்வளவு தூரம் எடுபடும்? பாவலரைக் கூப்பிட்டார்கள். லயன் வீடுகளில் இருந்தவர்களிடம் அவர்களுடைய பாஷையிலேயே பாடினார்.

ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். வெற்றியில் பெரிய பங்கு பாவலருக்கு என்று இ.எம்.எஸ்.ஸே பாராட்டியதாகச் சொல்வார்கள். பாட்டு மட்டுமே ஜெயிக்க வைத்தது என்றால் அது கொஞ்சம் ஓவர். தோட்டத்தில் சங்கம் கட்டியவர்களின் உழைப்பும் இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கம் சொல்ல வந்ததைத் தமிழ்ச் சனத்தின் காதுக்குள் கொண்டுபோனது அவர் குரல்.

ஐம்பதுகளின் கடைசியில் தம்பி ராசய்யாவும் குழுவில் சேர்ந்தார். குரல் உடையாத வயது என்பதால் பெண் குரல் பாட்டெல்லாம் அவருக்குத்தான். மெட்டுக்குப் புது வார்த்தை உட்காருவதை ஊர் ஊராக, மேடை மேடையாகப் பார்த்து வளர்ந்த பையன் அவர். பத்து வருஷம் இப்படியே ஓடியது. 1968-ல் தம்பி சினிமா வாய்ப்பு தேடி சென்னைக்குக் கிளம்பினார்.

பாவலர் 1973-ல் இறந்துபோனார். அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் 'அன்னக்கிளி' வந்தது.