கிள்ளானைக் காத்த வைத்தியர் ஸர் மால்கம் வாட்சன்

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கிள்ளான் துறைமுகத்திற்குச் சரக்கெடுக்கப் போகும் நம் வியாபார அன்பர்கள் அநேகர். கப்பல்களும், கிடங்குகளும், வரிசையாக நிற்கும் லாரிகளும் அங்கே கண்ணை நிறைக்கின்றன. ஆனால் அத்துறைமுகம் திறக்கப்பட்ட இரண்டு மாதத்திற்குள் அதை மூடிவிடலாமா என்ற யோசனை எழுந்தது என்றால், நம்மில் பலருக்கு வியப்பாயிருக்கும். அதற்குக் காரணம் போரோ கடனோ அன்று, கொசு. அத்துறைமுகத்தையும் கிள்ளான் பட்டணத்தையும் அழிவிலிருந்து மீட்ட வைத்தியரே ஸர் மால்கம் வாட்சன். அன்னாரது வாழ்க்கை நம் சிலாங்கூர் மண்ணோடும், இம்மண்ணில் மடிந்த ஆயிரக்கணக்கான தமிழ் மக்களின் கதையோடும் பின்னிக் கிடக்கிறது.

பிறப்பும் வருகையும்

வாட்சன் 1873-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, 1900-ல் மலாய் நாட்டு வைத்திய இலாகாவில் சேர்ந்தார். 1901-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கிள்ளான் மாவட்ட வைத்தியராக நியமனம் பெற்று வந்து இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு.

அவர் கண்ட கிள்ளான் நாம் காணும் கிள்ளான் அன்று. சுமார் 3,500 பேர் வாழ்ந்த சிறு பட்டணம் அது. தெருக்களை ஒட்டியே சதுப்பு. சதுப்பை ஒட்டியே காடு. வீடு தவறாமல் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இடமில்லை. கடையைத் திறக்க முதலாளிக்குத் தெம்பில்லை. மூட்டை தூக்கக் கூலியாளுக்கு உயிரில்லை. 1901-ஆம் ஆண்டில் மட்டும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு 236 நோய்ச் சான்றுகள் எழுதப்பட்டு, 1,026 நாட்கள் விடுமுறை தரப்பட்டது. மேசையில் அமர்ந்து வேலை செய்தவர்கள் பாடே இதுவென்றால், மண்வெட்டி பிடித்தவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

இந்நிலையில்தான் அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. கண்டற்காட்டின் நடுவே, கடல் நீர் ஏறி இறங்கும் சேற்று நிலத்தில் அமைந்த துறை அது. திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் கொள்ளை கொண்டது. இரயில்வேத் தொழிலாளிகளும் துறைமுகக் கூலிகளும் சுருண்டு விழுந்தார்கள். அப்பொழுதுதான் துறையை மூடும் பேச்சு எழுந்தது. மூடியிருந்தால் சிலாங்கூரின் வாணிபம் எப்பக்கம் திரும்பியிருக்கும் என்பதை வியாபாரிகளாகிய நாம் எண்ணிப் பார்த்தால், இதன் முக்கியம் விளங்கும்.

ஊசி இல்லாத நோய்

அந்நாளில் அம்மை நோய்க்குத் தடுப்பு இருந்தது. இங்கிலாந்தின் ஜென்னர் 1796-லேயே அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டிருந்தார். வெறிநாய்க்கடிக்குப் பிரான்ஸ் தேசத்துப் பாஸ்டர் 1885-ல் மருந்து கண்டார். காலராவுக்கும் பிளேக்குக்கும் ஹாஃப்கின் என்பார் இந்தியாவிலேயே ஊசி போட்டுக் காட்டிவிட்டார். மலேரியாவுக்கு மட்டும் எவராலும் தடுப்பூசி காண முடியவில்லை.

ஏனெனில் அதன் கிருமி ஒரே கோலத்தில் இருப்பதில்லை. கொசு கடித்தவுடன் ஈரலுக்குள் புகுந்து ஒரு வாரத்திற்கு மேல் ஒளிந்து பெருகுகிறது. பின் உருமாறி இரத்த அணுக்களுக்குள் நுழைகிறது. அணுக்கள் வெடிக்கும் போதெல்லாம் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன. அந்த இரத்தத்தைக் குடிக்கும் கொசுவின் வயிற்றில் மறுபடியும் வேறு வடிவம். இப்படி வேஷம் மாற்றும் பகைவனைத் தடுக்க உடம்பைப் பழக்குவது எளிதன்று. அதற்கான முதல் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது 2021-ஆம் ஆண்டு அக்டோபரில்தான். வாட்சன் கிள்ளானில் இறங்கி நூற்றிருபது ஆண்டுகள் கழிந்த பிறகு!

அவர் கையில் அன்று இருந்தவை இரண்டே. ஒன்று கொயினா, கசப்பு மருந்து. நோயாளிக்கு அது உதவியது; ஆனால் சதுப்பின் ஓரத்தில் வாழ்பவன் பிழைத்தெழுந்த மறுவாரமே மீண்டும் கடிபட்டுப் படுத்தான். மற்றொன்று, நாலு வருஷத்திற்கு முன் இந்தியாவில் பிறந்த ஒரு புதிய உண்மை. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், ஸிக்கந்தராபாத்தில் இராணுவ வைத்தியர் ரொனால்ட் ராஸ், அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கொசு கடித்தது ஹுசேன் கான் என்ற காய்ச்சல்காரரை. கடிக்கு ஓர் அணா வீதம் கூலி பெற்றுக்கொண்டு அவர் தம் உடம்பைக் கொடுத்தார். பின்னர் கல்கத்தாவில் ராஸுக்குத் துணை நின்ற உதவியாளர் முகம்மது பக்ஸ். ராஸுக்கு 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்விருவரையும் உலகம் மறந்துவிட்டது. நாம் மறக்க வேண்டியதில்லை.

மண்வெட்டியே மருந்து

வாட்சன் இந்த உண்மையைப் பற்றிக்கொண்டார். கொசுவே நோயைச் சுமக்கிறதென்றால், கொசு பிறக்கும் நீரை ஒழித்தால் நோய் ஒழிய வேண்டும். கேட்க எளிது. ஆனால் 1901-ல் அதை ஒரு முழுப் பட்டணத்தில் செய்து காட்டியவர்கள் உலகில் மிகச் சிலர். பணம் கொடுக்கும் அதிகாரிகளை நம்பவைக்க வேண்டியிருந்தது. சிலாங்கூரின் தலைமை வைத்தியர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். இறுதியில் உத்தரவு கிடைத்தது.

கிள்ளானில் 332 ஏக்கர் நிலத்தில் காடு வெட்டப்பட்டது. சதுப்புக்கு வடிகால் தோண்டப்பட்டது. துறைமுகத்தில் 110 ஏக்கர் சுத்தம் செய்யப்பட்டு, கடல் நீர் ஏறாதபடி கரை கட்டப்பட்டது. பள்ளங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. 1905 முடிய ஆன செலவு கிள்ளானுக்குச் சுமார் 3,100 பவுன். துறைமுகத்திற்குச் சுமார் 7,000 பவுன். அதன்பின் ஆண்டுதோறும் பராமரிப்புக்கு, கிள்ளானில் 300 பவுனுக்கும் குறைவாகவே ஆயிற்று.

இனி வரவுக் கணக்கைப் பார்ப்போம். வியாபாரிக்குக் கணக்குத்தானே சாட்சி! 1901-ல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் மாண்டவர் 582 பேர். அவர்களில் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். அடுத்த ஆண்டே மொத்த மரணம் 144 ஆகக் குறைந்தது. காய்ச்சல் மரணம் 59. 1905-ல் காய்ச்சலால் மாண்டவர் 45 பேரே. உத்தியோகஸ்தர்களின் நோய் விடுமுறை 1,026 நாட்களிலிருந்து அவ்வாண்டு 30 நாட்களுக்கு இறங்கிற்று.

தற்செயலாய் நோய் தணிந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் வாட்சன் பதில் வைத்திருந்தார். வடிகால் வெட்டப்படாத சுற்றுப்புறங்களின் கணக்கையும் அவர் எழுதி வந்தார். அங்கே காய்ச்சல் மரணம் 1901-ல் 266, 1905-ல் 351. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மாவட்டம். வாய்க்கால் வெட்டிய இடத்தில் ஜனங்கள் பிழைத்தார்கள்; வெட்டாத இடத்தில் மடிந்தார்கள். துறைமுகம் மூடப்படவில்லை.

தம் பிழையைத் தாமே கண்டவர்

இத்தோடு கதை முடிந்திருந்தால் வாட்சன் ஒரு நல்ல வைத்தியராக மட்டும் நினைக்கப்பட்டிருப்பார். அவரது பெருமை அடுத்த அத்தியாயத்தில் இருக்கிறது.

ரப்பர் விலை ஏறிய காலம் அது. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழ்த் தொழிலாளிகள் வந்து இறங்கினார்கள். வாட்சன் சர்க்கார் உத்தியோகத்தை விட்டுத் தோட்டங்களுக்கு வைத்தியரானார். கரையோரச் சமவெளித் தோட்டங்களில் அவரது முறை பலித்தது. காட்டை வெட்டி வடிகால் தோண்டினால் காய்ச்சல் மறைந்தது. ஆனால் உள்ளே மலைச்சாரல் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது, காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் ஏறியது. லயங்களில் புதிதாய் வந்தவர்கள் மாதக்கணக்கில் நடுங்கிக் கிடந்தார்கள்.

வேறொருவராயிருந்தால் தொழிலாளிகள் மீது பழி போட்டிருப்பார். அல்லது வேலை சரியாக நடக்கவில்லை என்று மேனேஜர்களைக் குறை கூறியிருப்பார். வாட்சன் மலையடி ஓடைகளில் இறங்கி, குட்டிக் கொசுக்களைப் பிடித்துப் பார்த்தார். உண்மை வெளிப்பட்டது. சமவெளியில் நோய் பரப்பியது அம்ப்ரோஸஸ் வகையைச் சேர்ந்த கொசு. அது நிழலில், காட்டுச் சதுப்பில் முட்டையிடுவது. வெயில் பட்டால் போய்விடும். மலையில் நோய் பரப்பியதோ மாக்குலாட்டஸ் என்ற வேறு இனம். அது வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்புவது. காட்டை வெட்டி வெளிச்சம் விட்டு, சுத்தமான வாய்க்காலும் வெட்டிக் கொடுத்தால், அதற்கு அரண்மனை கட்டித் தந்ததாயிற்று! ஓரிடத்தில் உயிர் காத்த வேலை, மற்றோரிடத்தில் உயிர் குடித்தது.

இதைக் கண்டதும் அவர் மறைக்கவில்லை. மலாய் நாட்டில் மலேரியாத் தடுப்பைப் பற்றி 1911-ல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துரைத்தார். வழியும் கண்டார். மலைத் தோட்டங்களில் ஊற்று நீரை வெளிச்சம் படாமல் நிலத்தடிக் குழாய்களில் ஓடவிட்டார். 1914 முதல், நீரின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறை பரவியது. குட்டிக் கொசு நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு விட வேண்டும். எண்ணெய்ப் படலம் அதைத் தடுத்துவிடும். இந்த வேலைகள் நடந்த தோட்டங்களில் ஒன்று பத்து தீகா பக்கத்துச் சீஃபீல்ட். கெசாஸ் நெடுஞ்சாலையில் கிள்ளானுக்குப் போகும் நாம், வீடுகள் நிறைந்துவிட்ட அந்த வட்டாரத்தைக் கடந்துதான் போகிறோம்.

எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, குற்றவாளியான இனம் எதுவென்று அறிந்து அதன் பிறப்பிடத்தை மட்டும் தாக்கு என்ற இந்தக் கொள்கை உலகெங்கும் பரவியது. நம் சிலாங்கூர் மண் உலகிற்குத் தந்த கல்வி இது.

கணக்கில் வராதவர்கள்

ஆயினும் நியாயமாய்ச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. வழி தெரிந்த பின்பும் எல்லாத் தோட்டங்களும் பணம் போடவில்லை. 1911-ஆம் ஆண்டில், ஐக்கிய மலாய் நாடுகளின் தோட்டங்களில் இருந்த 1,43,614 தொழிலாளிகளில் 9,040 பேர் மாண்டார்கள். எல்லா நோய்களும் சேர்ந்த கணக்குத்தான் இது. எனினும் ஆயிரத்துக்கு அறுபத்து மூன்று பேர் ஓராண்டில்! மாண்டவர்களில் பெரும் பங்கினர் தமிழர். மலேரியா ஆலோசனைச் சபை அமைக்கப்பட்டது அவ்வாண்டில்தான்.

ரப்பர் கம்பெனிகள் வடிகால் வெட்டியது இரக்கத்தால் மட்டுமன்று. ஆளில்லாமல் பால் வெட்ட முடியாதென்ற கணக்காலும்தான். வாட்சன் அந்தக் கம்பெனிகளிடம் சம்பளம் வாங்கியவரே. ஆனால் அவர்களுக்குப் புரிந்த இலாப நஷ்ட பாஷையிலேயே பேசி, அவர் உயிர்களை மீட்டார் என்பதும் உண்மை. சேற்றில் நின்று அந்த வாய்க்கால்களை வெட்டிய கூலியாட்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. வாட்சனைப் புகழும்போது அவர்களையும் சேர்த்தே நினைப்பது நம் கடன்.

பிற்காலம்

1924-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. 1928-ல் மலாயாவை விட்டு லண்டன் சென்று, ரொனால்ட் ராஸ் பெயரால் அமைந்த நிலையத்தில் மலேரியாப் பகுதிக்குத் தலைமை ஏற்றார். பின்னர் அந்நிலையத்தின் இயக்குநரும் ஆனார். இன்று ஸாம்பியா எனப்படும் வட ரொடீஷியாவின் செம்புச் சுரங்கங்களில் காய்ச்சலை அடக்க, கிள்ளானில் கற்ற பாடத்தை எடுத்துச் சென்றார். 1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எண்பத்திரண்டாம் வயதில் காலமானார்.

போர்ட் ஸ்வெட்டன்ஹாம் 1972-ல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா வகைகள் உள்நாட்டில் தொற்றிய கேஸ் 2018 முதல் மலேசியாவில் ஒன்றும் பதிவாகாத நிலை பிறந்தது. குரங்கிலிருந்து வரும் ஒரு வகை மட்டும் காட்டோரங்களில் தொல்லை தருகிறது.

அன்பர்களே! கொசுவோடு நம் வழக்கு தீர்ந்துவிடவில்லை. இன்று சிலாங்கூரை வாட்டுவது டிங்கி. அதைச் சுமக்கும் ஏடிஸ் கொசு சதுப்பையும் தேடுவதில்லை, ஓடையையும் தேடுவதில்லை. கடைக்குப் பின்னால் கிடக்கும் காலி எண்ணெய் டின், கூரைத் தண்ணீர்த் தகரம், மூடாத வாளி, பூச்சட்டித் தட்டு, இவையே அதன் தொட்டில். குற்றவாளி எங்கே பிறக்கிறான் என்று பார் என்று வாட்சன் காட்டிய வழி இதற்கும் பொருந்தும். வாரத்திற்கு ஒரு நாள், கல்லாவை எண்ணுவதற்கு முன் கடையின் பின்வாசலை ஒருமுறை சுற்றிப் பார்ப்போமாக. கிள்ளானில் ஆண்டுக்கு 300 பவுனுக்கும் குறைவான பராமரிப்பு ஒரு துறைமுகத்தைக் காத்தது. நமக்கு வேண்டியது பத்து நிமிஷம்.